பெட்டி நிறைய, பூவில் தேனீ இல்லை: நட்டால் அவகாடோ தோப்பு ஒன்றின் மூன்று பருவங்கள்

நன்கு வளர்ந்த ஹாஸ் அவகாடோ மரம் ஒரு பருவத்தில் பத்து லட்சம் பூ வரை பூக்கும். அதில் பறிக்கும் பழமாக நிற்பது சில நூறுதான். மற்றதெல்லாம் உதிரும். அதனால் அவகாடோ விவசாயி தரையில் பூ கொட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பயப்படமாட்டார். உதிர்வது வழக்கம்தான் என்று விட்டுவிடுவார். மகரந்தச் சேர்க்கை கெட்டுப்போனால் அது முதலில் கண்ணில் படாமல் போவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இங்கே எழுதும் தோப்பு தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வார்ட்பர்க் போகும் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்க் குடும்பம். 1860இல் மதராசிலிருந்து டுரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததில் தொடங்கிய கரும்புத் தோட்ட வாழ்க்கையின் வழியில் வந்தவர்கள். தாத்தா காலத்தில் குத்தகைக் கரும்பு, அப்பா காலத்தில் சொந்தக் கரும்பு. இப்போதைய தலைமுறை கரும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அவகாடோ போட்டிருக்கிறது. பெரும்பகுதி ஹாஸ், இடையிடையே ஃபுவெர்டே வரிசைகள். கிழக்கே கரும்பு, தெற்கே வேட்டல் (wattle என்னும் அகாசியா வகை) மரக்காடு, மேற்கே ஓர் ஓடையும் அதை ஒட்டிப் பழைய யூகலிப்டஸ் மரங்களும். இந்த மேற்கு ஓரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் என்னை அழைத்தபோது சொன்ன குறை எளிமையானது: மரம் நன்றாக இருக்கிறது, பூ நன்றாக வருகிறது, காய் நிற்கவில்லை. "தேனீப் பெட்டி வாடகைக்கு எடுத்துத்தான் வச்சிருக்கேன் தம்பி, அதனால அது பிரச்சினை இல்ல" என்றார்.

முதல் பருவத்தில் என்னால் பார்க்க முடிந்தது விளைவை மட்டும்தான், ஏனென்றால் நான் போனது பூ முடிந்து பிஞ்சு உதிர்ந்த பிறகு. அந்த நிலையில் யார் மேலும் பழி போடலாம். சந்தேகப்பட்டியல் நீளமாகவே இருந்தது.

ஹாஸ் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் குணம் உள்ளது. ஒரு வருடம் சுமை அதிகமானால் மறு வருடம் பூவே குறையும். ஆனால் இங்கே முந்தைய வருடமும் காய் குறைவுதான், பூவோ நிறைய. ஆகவே அந்த விளக்கம் ஒட்டவில்லை. அடுத்து போரான். மகரந்தக் குழாய் வளர்வதற்குப் போரான் தேவை. இலைச் சோதனையில் குறை பெரிதாக இல்லை, பூ விரியும் முன் ஒரு தெளிப்பும் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது குளிர். நட்டால் மிட்லண்ட்ஸ் பகுதியில் வசந்தம் தொடங்கும்போதும் இரவுகள் குளிர்ந்துவிடும். ஃபுவெர்டே மரங்களில் விரல் நீளத்தில் கொட்டை இல்லாத குட்டிக் காய்கள் தொங்கின. கருவுறுதல் தடைபட்டால் அல்லது கரு தொடக்கத்திலேயே செத்துப்போனால் இப்படி வரும். குளிர் அதற்கு வழக்கமான காரணம்.

குளிர் என்று எழுதிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஒரே ஒரு விஷயம் இடித்தது. குளிர் தோப்பு முழுக்கத்தானே அடிக்கும்? இங்கே காய் முழுக்கக் குறையவில்லை. மேற்கு ஓரத்தில் ஓடைப் பக்கமுள்ள வரிசைகளில் காய் நன்றாகவே நின்றது. உள்ளே போகப் போகக் குறைந்தது. குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும் என்பதால் ஓடைப் பக்கம்தான் மோசமாக இருந்திருக்க வேண்டும். நிலைமை தலைகீழாக இருந்தது. மிகக் குறைவாகக் காய்த்திருந்த மரங்கள் எங்கே என்று பார்த்தால், தோப்பின் நடுவில், வாடகைத் தேனீப் பெட்டிகள் வைத்திருந்த திடலைச் சுற்றி.

தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் காய் குறைவு, தூரத்தில் அதிகம். இந்த ஒன்றை விளக்காத எந்தக் காரணமும் போதாது என்று தோன்றியது. பூக்காலம் வரும்வரை காத்திருக்கச் சொன்னேன்.

பூவின் நேரக்கணக்கு

இரண்டாம் பருவத்தில் பார்த்ததைச் சொல்வதற்கு முன் அவகாடோ பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆப்பிளுக்கோ லிச்சிக்கோ பொருந்தும் புத்தி இதற்குப் போதாது.

அவகாடோ பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பூவும் இரண்டு முறை விரிகிறது. முதல் முறை பெண்ணாக, சில மணி நேரம். மூடிக்கொள்ளும். மறுநாள் ஆணாக விரிந்து மகரந்தம் கொட்டும். ரகங்களில் இரண்டு வகை உண்டு. ஏ வகை காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். ஹாஸ் இந்த வகை. பி வகை பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். ஃபுவெர்டே, எட்ரனால் எல்லாம் அந்த வகை. காலையில் ஹாஸ் பெண்ணாகக் காத்திருக்கும்போது பக்கத்து வரிசையில் ஃபுவெர்டே மகரந்தத்தோடு நிற்கும், பிற்பகலில் முறை மாறும். இரண்டையும் கலந்து நடுவது இதற்காகத்தான்.

ஏட்டில் அழகான ஏற்பாடு. வயலில் வானிலை இதைக் குழப்பிவிடும். குளிர்ந்த நாட்களில் ஹாஸின் பெண் பூ காலையில் விரியாமல் நண்பகலுக்கும் பிற்பகலுக்கும் தள்ளிப்போகும். அப்போது ஒரே மரத்தில் ஆணும் பெண்ணும் சற்று நேரம் ஒன்றாக விரிந்திருக்கும். அந்த நேரத்தில் அதே மரத்துக்குள்ளேயே மகரந்தம் மாறலாம். எப்படியானாலும் மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போக ஒரு பூச்சி வேண்டும். அவகாடோ மகரந்தம் ஒட்டும் தன்மை உள்ளது, காற்றை நம்பிப் பயனில்லை.

தேனீக்கு அவகாடோ பூ அவ்வளவு பிடித்ததும் அல்ல. அதன் தேனில் பெர்சிடால் என்ற வேறு வகைச் சர்க்கரை இருக்கிறது. பக்கத்தில் ஆரஞ்சோ வேறு நல்ல பூவோ இருந்தால் தேனீ அங்கே போய்விடும். இந்தத் தோப்புக்குத் தெற்கே வேட்டல் மரக்காடு, பூக்கும் காலம் கிட்டத்தட்ட அதே காலம், மகரந்தம் வாரி வழங்கும் மரம். அதையும் சந்தேகப்பட்டியலில் போட்டுக்கொண்டேன்.

ஒரு மரத்தைச் சுற்றி மெதுவாக நடந்தால் ஐந்து முதல் பத்துத் தேனீயாவது பூவில் தெரிய வேண்டும் என்பது அவகாடோ வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் எண்ணும் நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்கு, பூ விரியுமுன் போய்ப் பார்த்துவிட்டுத் தேனீ இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பூக்காலத்தில் பார்த்தது

புரட்டாசி மாதம். இங்குள்ள தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் கறி, மீன் தொடாத மாதம். அண்ணன் வீட்டிலும் அப்படித்தான், நான் போன நாட்களில் பருப்பும் பூசணியும்தான் கிடைத்தன. தோப்பில் பூ கொட்டிக் கிடந்தது. பார்த்தால் இந்த வருடம் கிளை ஒடியும் என்றுதான் எவரும் நினைப்பார்.

நண்பகல் ஒட்டி, வெயில் நன்றாக ஏறியபின் எண்ணினோம். மேற்கு ஓர வரிசைகளில் கைக்கணக்கைத் தாண்டிய அளவு தேனீ. கூடவே பலவகை ஈக்களும். நடுவில் ஒரு மரத்தைச் சுற்றினால் ஒன்று, இரண்டு, சில மரங்களில் ஒன்றும் இல்லை. வேட்டல் காட்டுக்குப் போகின்றனவோ என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். அங்கேயும் பெரிய கூட்டமில்லை. அப்படியென்றால் பெட்டித் தேனீ எங்கே போகிறது?

விடைக்கு முதல் துப்பு கொடுத்தவர் தோப்பில் புல் வெட்டும் சூலு ஊழியர் ஒருவர். பெட்டித் திடல் அருகே இயந்திரத்தை ஓட்டிப் பயமில்லாமல் வெட்டுகிறாரே என்று கேட்டபோது, இந்த வருடப் பெட்டிகள் யாரையும் கொட்டுவதில்லை என்று சிரித்தபடி சொன்னார். தமிழ்நாட்டில் பெட்டித் தேனீயோடு பழகியவர்களுக்கு இதில் வியப்பு தெரியாது. இங்கே வடக்கிலும் கிழக்கிலும் உள்ள தேனீ வேறு. ஆப்பிரிக்கத் தேனீயான ஸ்குட்டெல்லாட்டா. பிரேசிலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அமெரிக்கக் கண்டம் முழுக்கப் பரவிக் கொலைகாரத் தேனீ என்று பெயர் வாங்கியது இதன் வாரிசுகள்தான். பலமான ஸ்குட்டெல்லாட்டா கூட்டத்துக்குப் பக்கத்தில் புல்வெட்டி ஓட்டினால் ஆள் தப்புவது கஷ்டம். இங்கே ஒருவரும் கொட்டுப்படவில்லை என்றால் உள்ளே கூட்டம் பலமாக இல்லை.

சாயங்காலம் புகை போட்டுப் பெட்டிகளைத் திறந்தோம். பெட்டி வைத்தவரும் வந்திருந்தார், அதை அவருக்குப் பெருமையாகச் சொல்ல வேண்டும், பலர் வரமாட்டார்கள். சில பெட்டிகள் சரியாக இருந்தன. பலவற்றில் தேனடைச் சட்டங்களில் தேனீ பாதிகூட மூடவில்லை. மூடிய புழு அறைகள் ஆங்காங்கே சிதறல். ஒரே அறையில் இரண்டு, மூன்று முட்டை. புழுக்களைச் சுற்றி வழக்கத்தை விட அதிகப் பாலுணவு. மஞ்சள் பட்டை போட்ட தேனீக்களுக்கு நடுவே வயிறு கறுத்துப் பளபளக்கும் தேனீக்கள், ராணியைச் சுற்றி நிற்பதுபோல் மற்றவை அவற்றைச் சுற்றி நின்றன. ராணியைத் தேடினோம், பல பெட்டிகளில் அகப்படவில்லை. பெட்டி வைத்தவர் வாயைத் திறந்து ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "கேப்பென்சிஸ்."

கறுப்புத் தேனீ வந்த வழி

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் கேப் தேனீ என்று ஒன்று உண்டு. கேப்பென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயரின் கடைசிப் பகுதி. பொதுவாகத் தேனீ உலகில் இணை சேராத வேலைக்காரத் தேனீ முட்டையிட்டால் அதிலிருந்து ஆண் தேனீதான் பிறக்கும். கேப் தேனீயில் அப்படி இல்லை. வேலைக்காரத் தேனீ ஆண் துணையே இல்லாமல் பெண்ணைப் பெற்றுவிடும், அந்த மகள் கிட்டத்தட்டத் தாயின் அச்சு. 1912இல் ஜார்ஜ் ஆனியன்ஸ் என்ற கேப் தேனீ வளர்ப்பாளர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை.

தன் சொந்த மண்ணில் இந்தத் தேனீயால் யாருக்கும் கெடுதல் இல்லை. எல்ஜின், கிராபோ, சீரஸ் பள்ளத்தாக்குகளின் ஆப்பிளும் பேரிக்காயும் இதன் முதுகில்தான் நிற்கின்றன. ஆப்பிள் பூவில் ஐந்து சூலறை, அறைக்கு இரண்டு சூல், ஆக வழக்கமாகப் பத்து விதை வரை உண்டாகலாம். விதை குறைந்தால் பழம் ஒரு பக்கம் சப்பையாகும், பெட்டியில் தரம் இறங்கும். தேனீ இல்லாமல் ஆள் வைத்து, கையால் மகரந்தம் தடவினால் மேற்கு கேப் பழத் தொழிலுக்கு என்ன செலவாகும் என்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுப் பார்த்தது. தேனீக்கு வாடகை கொடுக்கும்போது முகம் சுளிக்கும் விவசாயிகள் அந்தக் கணக்கை ஒரு முறை பார்க்கலாம்.

1990ஐ ஒட்டிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிப் பூவைத் துரத்தும் வளர்ப்பாளர்கள் கேப் தேனீக் கூட்டங்களை வடக்கே ஸ்குட்டெல்லாட்டா பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கதை மாறியது. கேப் வேலைக்காரத் தேனீ பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்தது. அங்கே அது வேலை செய்வதில்லை, முட்டையிட ஆரம்பித்தது. சாதாரணமாக வேலைக்காரத் தேனீ போடும் முட்டையை மற்றத் தேனீக்கள் தின்று அழித்துவிடும். கேப் தேனீயின் முட்டை இந்தக் காவலிலிருந்து தப்பிவிடுகிறது. ராணியின் வாசனைச் சுரப்பைப் போன்ற ஒன்றை அதுவும் சுரக்கிறது. வீட்டுத் தேனீக்கள் அதன் புழுக்களுக்குக் கூடுதலாக ஊட்டி வளர்க்கின்றன. கொஞ்ச காலத்தில் உண்மையான ராணி போய்விடும். புதிதாகப் பிறப்பதெல்லாம் கேப் மகள்கள். அவை பூவுக்குப் போவதில்லை, புழுவைப் பராமரிப்பதும் இல்லை. பழைய வேலைக்காரர்கள் வயதாகிச் சாகச் சாகக் கூட்டம் சுருங்கி ஒடுங்கும். கடைசியில் மிஞ்சும் கறுப்புத் தேனீக்கள் அடுத்த பெட்டியைத் தேடிப் போகும்.

வடக்கே பரவிய இந்த ஒட்டுண்ணித் தேனீக்கள் எல்லாம் ஒரே ஒரு வேலைக்காரத் தேனீயின் வழிவந்தவை என்று மரபணு ஆய்வுகள் காட்டின. ஒரு பூச்சி, துணையில்லாமல், பல்லாயிரக்கணக்கான கூட்டங்களை ஒழித்திருக்கிறது. இவ்வளவுக்கும் தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணி 1997இல் கேப் பக்கம் வந்தபோது உலகம் பயந்த அளவு இங்கே ஒன்றும் நடக்கவில்லை. மருந்தில்லாமலேயே இங்குள்ள தேனீக்கள் சில வருடங்களில் அதைத் தாங்கிக்கொண்டன. அண்ணனின் பெட்டிகளில் உண்ணியும் இருந்தது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வெளியிலிருந்து வந்த எதிரியைச் சமாளித்த தேனீ, சொந்த நாட்டுத் தேனீயிடம் தோற்றுப்போகிறது.

கேப் பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் நடுவில் எல்லைக்கோடு வகுத்து, அதைத் தாண்டிப் பெட்டி கொண்டுபோவதற்குச் சட்டத் தடை இருக்கிறது. ஆனால் நோய் ஏற்கெனவே தாண்டிவிட்டது. கூட்டமாக ஓரிடத்தில் பெட்டிகளைக் குவிப்பதும், பூவுக்குப் பூ வண்டி ஓட்டுவதும் அதற்கு வசதி செய்து கொடுக்கின்றன. அண்ணனின் பெட்டிகள் வடக்கே ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணப் பக்கத்திலிருந்து வந்தவை. போன வருடமும் அதே இடத்திலிருந்துதான்.

இப்போது வரைபடம் புரிந்தது. நடுத்திடலில் பெட்டி இருந்தது, பூவுக்குப் போகும் தேனீ இல்லை. மேற்கே ஓடையோரம் பழைய யூகலிப்டஸ் பொந்துகளிலும் பாறை இடுக்கிலும் யாரும் வாடகை கொடுக்காத காட்டுக் கூட்டங்கள் குடியிருந்தன. தென்னாப்பிரிக்காவில் இப்படிக் காட்டுத் தேனீ இன்னும் நிறைய இருக்கிறது, ஐரோப்பா போல இழந்துவிடவில்லை. அவை பறந்து வந்த தூரம்வரை காய் நின்றது.

செய்தது

கெட்டுப்போன கூட்டங்களைக் காப்பாற்ற வழியில்லை. ராணி வைத்தாலும் கறுப்புத் தேனீ விடாது. அன்றிரவே வாசலை அடைத்து அழித்தார்கள். பிழைத்திருந்த சில பெட்டிகளை வேறு மூலைக்கு மாற்றினார்கள். மாற்றுப் பெட்டி கிடைக்கவில்லை, எல்லாத் தோப்பிலும் அதே நேரம் பூ. அந்தப் பருவத்தின் காய் போனது போனதுதான்.

அண்ணனுக்குக் கோபம் பெட்டி வைத்தவர்மேல். அந்த ஆள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஒப்பந்தத்தில் இருந்தது பெட்டியின் எண்ணிக்கை மட்டும்தான். உள்ளே எவ்வளவு தேனீ என்று ஒரு வரி இல்லை. லாரி இறக்கும்போது கணக்குப் பார்த்தது அண்ணனின் மகன், அவனும் மூடியைத் திறக்கவில்லை. ஸ்குட்டெல்லாட்டா பெட்டியின் மூடியைத் திறக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் திறக்கப் பயப்படுகிற பொருளை எண்ணி வாங்குவது வியாபாரம் ஆகாது.

மூன்றாம் பருவத்துக்கு ஒப்பந்தம் புதிதாக எழுதினோம். பெட்டிக்குக் குறைந்தது ஆறு சட்டம் நெருக்கமாகத் தேனீ மூடியிருக்க வேண்டும், நான்கில் புழு இருக்க வேண்டும், முட்டையிடும் ராணி இருக்க வேண்டும். இறக்கிய சில நாளில் தோப்புக்காரர் தரப்பில் ஒருவர் முன்னிலையில் ஏதாவது சில பெட்டிகளைத் திறந்து காட்ட வேண்டும். கறுப்புத் தேனீ தெரிந்தால் அந்தப் பெட்டி உடனே வெளியேற வேண்டும், வாடகை இல்லை. பதிலுக்கு அண்ணன் ஒவ்வொரு பெட்டிக்குமான வாடகையைக் கூட்டிக் கொடுத்தார். இதில் அவர் தயங்கினார். பலமான கூட்டத்தை வளர்ப்பதற்கு ஒருவர் குளிர்காலம் முழுக்கச் செலவு செய்கிறார், அதை மலிவாகக் கேட்டால் மலிவானதுதான் வரும் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

பெட்டிகள் ஒரே திடலில் குவியாமல் சிறு சிறு கூட்டமாகத் தோப்பின் உள்ளே பரந்தன. முதல் பூக்கள் விரிந்த பிறகுதான் இறக்கினார்கள். முன்னாடியே இறக்கினால் தேனீ வேட்டல் பூவைக் கற்றுக்கொண்டு அங்கேயே போய்விடும். பூக்காலத்தில் பூச்சிமருந்து தெளிப்பு இல்லை, எறும்புக்கு வைக்கும் விஷ இரையும் இல்லை. 2018 நவம்பரில் கேப்டவுன் பக்கம் லட்சக்கணக்கில் தேனீ செத்து, அதற்கு ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்துதான் காரணம் என்று செய்தி வந்ததிலிருந்து இங்குள்ளவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

விளைவை எப்படிப் படிப்பது

மூன்றாம் பருவத்தில் காய் நன்றாக நின்றது. அண்ணன் குடும்பத்துக்கு அது போதும். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. இரண்டு வருடம் காய் சுமக்காத மரம் மூன்றாம் வருடம் நன்றாகக் காய்ப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பூக்காலத்தில் இரவுக் குளிரும் அவ்வளவு கடுமையாக இல்லை. மொத்தக் காயை வைத்து எல்லாம் தேனீயால் வந்தது என்று சொன்னால் அது தேனீ வாடகைக்காரரின் விளம்பரம் ஆகிவிடும்.

நான் நம்பியது வேறொன்றை. முன்பு மேற்கு ஓரத்துக்கும் நடுவுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இந்த முறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. வானிலையும் மரத்தின் ஓய்வும் இரண்டு இடத்துக்கும் பொதுவானவை. நடுத்திடலில் மாறியது பெட்டிக்குள் இருந்த கூட்டம்தான். நண்பகல் எண்ணிக்கையிலும் நடு மரங்கள் கைக்கணக்கை எட்டியிருந்தன. ஃபுவெர்டேயில் மட்டும் கொட்டையில்லாக் குட்டிக் காய்கள் இன்னும் இருக்கின்றன. அது குளிரின் வேலை என்றே நினைக்கிறேன், தேனீயால் அதைத் தீர்க்க முடியாது. அந்த வரிசைகளில் சிலவற்றை வெட்டி எட்ரனால் ஒட்டுப் போடலாமா என்று மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணனுக்கு ஃபுவெர்டேமேல் பாசம், முடிவு ஆகவில்லை.

வாடகைத் தகராறு பாதிப் பணத்தில் தீர்ந்தது. அழித்த பெட்டிகளுக்கு வாடகை இல்லை, மீந்தவற்றுக்கு உண்டு. அதே ஆள்தான் இப்போதும் பெட்டி வைக்கிறார், ஆனால் கௌட்டெங்கிலிருந்து கொண்டுவருவதை விட்டுவிட்டு இங்கேயே பொறிப்பெட்டி வைத்து உள்ளூர்க் கூட்டங்களைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார்.

மேற்கு ஓடையோர யூகலிப்டஸ் அண்ணனுடையது இல்லை, பக்கத்து மர வியாபாரியுடையது. வெட்டும் முறை நெருங்குகிறது. அன்னிய மரம், தண்ணீரை உறிஞ்சும் மரம், வெட்டக்கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பொந்து விழுந்த பழைய மரங்கள் சிலவற்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி அண்ணன் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.